சிறு கசிவும் பெரும் பழுதும்

நுழையும்முன்

எந்திரத்தின் ஆற்றலை அதன் பெரிய உறுப்புகளைக் கொண்டு மதிப்பிடுவது உலக வழக்கம். ஆனால், அதன் ஆயுளை உறுதிசெய்பவை பல நேரங்களில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு உறுப்புகளே. பழைய விரைவு மகிழுந்து ஒன்றில் சில அடி நீளமே உள்ள ரப்பர்க் குழாயில் தோன்றும் கசிவு, அதன் விலைமிக்க கியர் பெட்டியையே அழித்துவிடக் கூடும். அக்கசிவு ஏன் உண்டாகிறது, அதன் ஊற்றைக் காண்பது எப்படி, முறையாகச் சரிசெய்வது எப்படி என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

முன்னே பொறி, பின்னே கியர் பெட்டி

ஜெர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷே நிறுவனம், 1977ஆம் ஆண்டு ஜெனீவா மகிழுந்துக் கண்காட்சியில் 928 என்னும் விரைவு மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 4.5 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் கொண்ட பொறி அதில் பொருத்தப்பட்டிருந்தது. 1978ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த மகிழுந்து என்னும் விருது அதற்குக் கிடைத்தது. பெரும்பாலும் குடும்ப மகிழுந்துகளே பெற்றுவந்த அவ்விருதை விரைவு மகிழுந்து ஒன்று பெற்றது வியப்புடன் பார்க்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு வரை இவ்வகை மகிழுந்துகள் உற்பத்தி செய்யப்பட்டன. ஆதலால், அவற்றுள் இறுதியாக வெளிவந்தவையும் இன்று மூன்று பத்தாண்டுகள் கடந்த முதிய வண்டிகளே.

இம்மகிழுந்தின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. பொறி முன்பகுதியில் இருக்கிறது. கியர் பெட்டியோ பின்சக்கரங்களுக்கு அருகில் இருக்கிறது. இவ்விரண்டையும் நீண்ட உலோக உறைக்குள் சுழலும் தண்டு இணைக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பகிரப்படுவதால், வளைவுகளிலும் வண்டி நிலைகுலையாமல் செல்கிறது. இதுவே அவ்வமைப்பின் நோக்கம்.

எந்த நன்மையும் விலையின்றிக் கிடைப்பதில்லை. தானியங்கிக் கியர் பெட்டி கொண்ட 928 மகிழுந்தில், கியர் பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் உறுப்பு முன்பகுதியில் உள்ள ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் அமைந்திருக்கிறது. பின்னால் சூடாகும் எண்ணெய், முன்னால் வந்து குளிர்ந்து, மீண்டும் பின்னால் செல்ல வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு மட்டுமே 2.5 மீட்டர். எனவே, எண்ணெய் செல்வதற்கு ஒன்றும் திரும்புவதற்கு ஒன்றுமாக இரண்டு நீண்ட குழாய்கள் வண்டியின் அடிப்பகுதி நெடுகிலும் ஓடுகின்றன. அவற்றின் பெரும்பகுதி உலோகத்தால் ஆனது. அசைவுகளை ஏற்க வேண்டிய இடங்களில் ரப்பர்க் குழாய்கள் இணைக்கப்பட்டுள்ளன. கசிவு பெரும்பாலும் பிறப்பது இந்த ரப்பர்ப் பகுதிகளில்தான்.

ஓர் எண்ணெய், நான்கு பணிகள்

பொறிக்கு ஊற்றும் எண்ணெயின் முதன்மைப் பணி உராய்வைக் குறைப்பது. தானியங்கிக் கியர் பெட்டியின் எண்ணெயோ ஒரே நேரத்தில் நான்கு பணிகளைச் செய்கிறது.

முதலாவது, ஆற்றலைக் கடத்துதல். பொறியின் சுழற்சியைக் கியர் பெட்டிக்கு அளிக்கும் முறுக்குவிசை மாற்றிக்குள் இரண்டு விசிறி போன்ற சக்கரங்கள் எதிரெதிராக உள்ளன. ஒன்று சுழன்று எண்ணெயை வீச, அவ்வீச்சின் விசையால் மற்றொன்று சுழல்கிறது. இரண்டாவது, கட்டுப்படுத்துதல். எந்தக் கியர் எப்போது இயங்க வேண்டும் என்பதை எண்ணெயின் அழுத்தமே நிறைவேற்றுகிறது. அவ்வழுத்தம் உள்ளிருக்கும் பிடிப்புத் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. மூன்றாவது, உராய்வைத் தணித்தல். நான்காவது, வெப்பத்தை வெளியேற்றுதல்.

இந்நான்காம் பணியே குளிர்விப்பான் குழாய்களின் பணி. முறுக்குவிசை மாற்றிக்குள் இரு சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வேக வேறுபாட்டால் இழக்கப்படும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகச் சேர்கிறது. நெரிசலான சாலையில் நின்று நின்று செல்லும்போதும், மலைப்பாதையில் ஏறும்போதும் இவ்வெப்பம் மிகுகிறது. எண்ணெயின் வெப்பநிலை அதற்குரிய அளவைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை செல்சியசு உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ரேடியேட்டருக்குள் ஓடும் குளிர்நீர் அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த காலை வேளையில் அதே நீர் எண்ணெயை விரைவில் இளஞ்சூடாக்கியும் உதவுகிறது.

இனிக் கசிவின் விளைவை எண்ணிப் பார்க்கலாம். எண்ணெய் குறையும்போது, அதை உறிஞ்சும் பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. எண்ணெய் நுரைக்கிறது. நுரையை அழுத்த முடியும். ஆகவே, அது அழுத்தத்தை உறுதியாகக் கடத்தாது. பிடிப்புத் தட்டுகள் முழுமையாக இறுகாமல் வழுக்குகின்றன. வழுக்கல் வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் தட்டுகளின் மேற்பூச்சைக் கருக்குகிறது. கருகிய துகள்கள் எண்ணெயில் கலந்து நுண்ணிய வழிகளை அடைக்கின்றன. இவ்வாறு ஒரு குறை மற்றொரு குறையைப் பெறுகிறது. தரையில் விழுந்த சில துளிகளில் தொடங்கியது, கியர் பெட்டியைக் கழற்றிப் பிரிக்க வேண்டிய நிலையில் முடிகிறது.

மற்றோர் இடரும் உண்டு. கசியும் எண்ணெய் புகைபோக்கிக் குழாயின் மீது பட்டால் தீப்பற்றும் வாய்ப்பு உருவாகிறது. வண்டி கடுமையாக ஓடும்போது அக்குழாய் பல நூறு பாகை சூடேறும். ஆகவே, இக்கசிவு செலவு பற்றிய சிக்கல் மட்டுமன்று. உயிர் பற்றிய சிக்கலுமாகும்.

தெரிந்து தெளிவோம்

தானியங்கிக் கியர் பெட்டிக்கான எண்ணெய்களில் உராய்வுத் தன்மையைச் சீராக்க ஒரு காலத்தில் எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து கிடைத்த எண்ணெய் சேர்க்கப்பட்டது. அத்திமிங்கிலம் அருகிவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டதை அடுத்து, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது. மாற்றாக வந்த புதிய கலவை, எண்ணெய்க் குளிர்விப்பானின் உலோக இணைப்புகளை அரித்தது. பின்னர் அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் சேர்த்துக் கலவை திருத்தப்பட்டது. ஓர் எண்ணெயை மாற்றினால் அது தொடும் ஒவ்வொரு பொருளையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ரப்பரின் முதுமை

முழுவதும் உலோகக் குழாயையே பொருத்திவிட்டால் கசிவே இராதே என்று தோன்றலாம். பொறியும் கியர் பெட்டியும் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்து இடைவிடாது அதிர்கின்றன. ரேடியேட்டரோ வண்டியின் உடற்கூட்டோடு பிணைக்கப்பட்டுள்ளது. அசையும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் விறைப்பான உலோகக் குழாயால் இணைத்தால், ஓயாத வளைவால் உலோகம் களைப்புற்று முறியும். வளைந்து கொடுக்கும் ரப்பர் அவ்வதிர்வை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால், எல்லா ரப்பரும் எண்ணெயைத் தாங்குவதில்லை. மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், கனிம எண்ணெயில் ஊறி உப்பி வலுவிழக்கும். 1930களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் இக்குறையைப் போக்கியது. எண்ணெய்க் குழாய்களின் உட்சுவர் இன்றும் பெரும்பாலும் இத்தகைய எண்ணெய் தாங்கும் ரப்பரால் செய்யப்படுகிறது. அதன்மேல் இழைப் பின்னல் ஒன்றும், அப்பின்னலின்மேல் வெயிலையும் காற்றையும் தாங்கும் வெளியுறை ஒன்றும் அமைகின்றன.

இவ்வளவு காப்பிருந்தும் காலம் தன் வேலையைச் செய்கிறது. வெப்பமும் உயிர்வளியும் சேர்ந்து ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே மேலும் மேலும் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. மென்மை தரும் பொருள்களை எண்ணெய் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கிறது. காற்றில் உள்ள ஓசோன் வளைவுகளில் நுண்ணிய வெடிப்புகளைத் தோற்றுவிக்கிறது. நெகிழ்ந்திருந்த குழாய் விறைக்கிறது.

உலோக முனையும் ரப்பரும் சேரும் இடமே மிகவும் நலிவடையும் இடம். அங்கே உலோக வளையம் ஒன்று ரப்பரைச் சுற்றி நசுக்கிப் பிடித்திருக்கும். புதிய ரப்பர் அவ்வழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதால் இடைவெளி அடைபடுகிறது. பல ஆண்டுகள் அழுந்திக் கிடந்த ரப்பர், மீண்டெழும் இயல்பை இழந்துவிடுகிறது. வளையம் அப்படியே இருக்க, அதனுள் ரப்பர் தளர்கிறது. எண்ணெய் வழி கண்டுகொள்கிறது. வண்டி குறைந்த தொலைவே ஓடியிருக்கலாம். எனினும், ரப்பரின் அகவையைக் கிலோமீட்டரில் மட்டும் கணக்கிட முடியாது. ஆண்டுகளிலும் கணக்கிட வேண்டும்.

ஊற்றைக் காணுதல்

எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். ஓடும் வண்டியின் அடியில் வீசும் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். நிற்கும் வண்டியில் எண்ணெய் குழாய்வழியே வழிந்து, மிகத் தாழ்ந்த இடத்தில் திரண்டு சொட்டும். எனவே, சொட்டும் இடத்திலுள்ள உறுப்பைக் குற்றவாளியாகக் கொள்வது பிழையாகும்.

முதலில், சொட்டுவது எது எனத் தெளிய வேண்டும். வண்டியின் கீழ் வெள்ளைத் தாளையோ அட்டையையோ விரித்துவைத்தால் நிறம் தெளிவாகும். கியர் பெட்டியின் எண்ணெய் சிவப்பு நிறமுடையது. பிற எண்ணெய்களிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்காகவே அதில் சாயம் கலக்கப்படுகிறது. பழகிய எண்ணெய் பழுப்பேறியிருக்கும். கருகிய மணம் வீசினால், உள்ளே பிடிப்புத் தட்டுகள் கெடத் தொடங்கியுள்ளன என்று ஐயுற வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் போதாது. 928 மகிழுந்தில் திருப்பு சக்கரத்தை எளிதாகத் திருப்ப உதவும் அமைப்பும் இதே வகைச் சிவப்பு எண்ணெயில்தான் இயங்குகிறது. முன்பகுதியில் சிவப்புத் துளிகள் கண்டவுடன் குளிர்விப்பான் குழாயை மாற்றிவிட்டு, பின்னர் கசிவு திருப்பு அமைப்பினுடையது எனத் தெரியவந்தால் பணமும் உழைப்பும் வீணாகும். இரு அமைப்புகளிலும் எண்ணெயின் மட்டத்தை அளந்து, எது குறைகிறது என்று பார்ப்பதே எளிய தெளிவு.

அடுத்து, ஐயத்திற்குரிய பகுதிகளை அழுக்கும் பழைய எண்ணெயும் இல்லாமல் துடைத்து உலர்த்த வேண்டும். இணைப்புகளைச் சுற்றி முகப்பூச்சு மாவு போன்ற வெண்பொடியைத் தூவலாம். பின்னர்ச் சிறிது தொலைவு வண்டியை ஓட்டி நிறுத்திப் பார்த்தால், பொடி முதலில் எங்கே நனைந்துள்ளதோ அங்கேயே ஊற்று இருக்கும். புறஊதா ஒளியில் மிளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து கண்டறியும் முறையும் பணிமனைகளில் வழக்கத்தில் உள்ளது.

வெளியே தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பான் பழுதுற்றால் எண்ணெயும் குளிர்நீரும் தமக்குள் கலந்துவிடும். அப்போது எண்ணெய், பால் கலந்தாற்போல வெளிர்சிவப்பாகக் காட்சி தரும். குளிர்நீரும் அதில் சேர்க்கப்படும் கிளைக்காலும் பிடிப்புத் தட்டுகளின் மேற்பூச்சைக் கெடுக்கும். இவ்வறிகுறி தென்பட்டால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது.

செப்பனிடும் முறை

பணி தொடங்கும்முன் பொறியும் புகைபோக்கியும் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்தி ஜாக்கியால் உயர்த்தியபின், அதன் எடையை உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையக் கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிவது கட்டாயம்.

கழற்றும்முன், எக்குழாய் எவ்விணைப்பில் சேர்கிறது, எவ்வழியே வளைந்து செல்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் நன்கு துடைக்க வேண்டும். கியர் பெட்டிக்குள் நுழையும் சிறு மணல்துகளும் நுண்ணிய எண்ணெய் வழிகளில் சிக்கித் தீங்கு விளைவிக்கும்.

இணைப்பைத் தளர்த்தும்போது இரண்டு ஸ்பானர்கள் வேண்டும். ஒன்று ரேடியேட்டரோடு சேர்ந்த பகுதியை அசையாமல் பிடித்திருக்க, மற்றொன்று குழாயின் மரையைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பானரால் வலிந்து திருப்பினால், பல ஆண்டுகளாக இறுகிப்போன இணைப்பு ரேடியேட்டரின் தொட்டியையே முறுக்கிச் சிதைக்கும். குழாயைச் சரிசெய்யப் போய் ரேடியேட்டரை இழக்கும் நிலை இப்படித்தான் நேர்கிறது. கழற்றிய முனைகளிலிருந்து வழியும் எண்ணெயைப் பாத்திரத்தில் ஏந்தி, வழிந்த அளவைக் குறித்துக்கொண்டு, திறந்த முனைகளைத் தூய மூடிகளால் அடைத்துவைக்க வேண்டும்.

அடுத்தது குழாயைப் புதுப்பித்தல். பழைய மகிழுந்துகளுக்குரிய உதிரி உறுப்புகள் எப்போதும் கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை மிகுதி. ஆயினும், நல்ல நிலையிலுள்ள உலோகக் குழாயைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உயரழுத்த எண்ணெய்க் குழாய்களைச் செய்துதரும் பணிமனையில் பழைய ரப்பரை அகற்றிவிட்டு, அதே உலோக முனைகளில் புதிய ரப்பர்க் குழாயைப் பொருத்தி, கிரிம்பிங் எந்திரத்தால் வளையத்தை நசுக்கி இறுக்கித் தருவார்கள். மண்வெட்டும் எந்திரங்களுக்கும் பாரம் தூக்கும் எந்திரங்களுக்கும் குழாய் செய்யும் அதே கைத்திறன் இங்கும் பயன்படுகிறது.

அங்கே நான்கு செய்திகளில் கருத்தாக இருக்க வேண்டும். புதிய குழாய் கியர் பெட்டி எண்ணெய்க்கும் அதன் வெப்பத்திற்கும் ஏற்றதா என்பது முதலாவது. எஸ்ஏஇ ஜே1532 என்னும் தர விதி இத்தகைய குழாய்களுக்கென்றே வகுக்கப்பட்டது. உள்விட்டம் பழைய குழாயின் அளவினதா என்பது இரண்டாவது. குறுகினால் எண்ணெயோட்டம் தடைப்படும். நீளம் சரியானதா என்பது மூன்றாவது. குறைந்தால் அதிர்வில் இழுபடும், மிகுந்தால் சூடான உறுப்புகளில் உரசும். இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும் கோணம் மாறாதிருக்கிறதா என்பது நான்காவது. கோணம் மாறினால் குழாய் முறுக்கேறும்.

திரும்பப் பொருத்தும்போது இணைப்புகளில் உள்ள காப்பு வளையங்களைப் புதியனவாக மாற்ற வேண்டும். மரையை முதலில் கையால் திருகி, அது நேராக இறங்குவதை உறுதிசெய்த பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். குழாய் புகைபோக்கியையோ சுழலும் பட்டைகளையோ தொடாதவாறு அதற்குரிய பிடிகளில் அமைய வேண்டும். எண்ணெய் ஏற்கெனவே கருகியிருந்தால், குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவித் துகள்களை நீக்குவது இன்றியமையாதது.

இறுதியாக, கையேட்டில் குறித்த வகை எண்ணெயை, அதில் கூறியுள்ள வெப்பநிலையிலும் நிலையிலும் மட்டம் பார்த்து ஊற்ற வேண்டும். குறைவாக ஊற்றினால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுதியாக ஊற்றினால் சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரு வழிகளிலும் தீமை ஒன்றே. பொறியை இயக்கி, எண்ணெய் சூடேறிய பின்னர் ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் பார்வையிட வேண்டும். சில நாள் ஓட்டத்திற்குப் பின்னும் ஒருமுறை பார்ப்பது நலம்.

குறுக்குவழிகளின் விலை

கசிவைக் கண்டதும் எளிய வழிகளை நாடுவது மனித இயல்பு. கசியும் இடத்தில் நாடாவைச் சுற்றுவர். ஆனால், எண்ணெய் படிந்த பரப்பில் பசை நிலைக்காது. கசிவை நிறுத்துவதாகச் சொல்லும் மருந்துகளை எண்ணெயில் கலப்பர். அவை உள்ளிருக்கும் காப்பு வளையங்களைச் சிறிது உப்பச் செய்யலாமேயன்றி, வெடித்த குழாயை ஒட்டவைக்கமாட்டா. தண்ணீர் செல்லும் ரப்பர்க் குழாயை வெட்டிப் பொருத்துவர். ரேடியேட்டர் நீருக்குப் பயன்படும் ஈபிடிஎம் என்னும் ரப்பர் நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். ஆனால், கனிம எண்ணெய் பட்டால் உப்பி மென்மையாகிவிடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் கருங்குழாய்களே. இயல்பில் அவை வெவ்வேறானவை.

உலோகக் குழாயை வெட்டி, வழுவழுப்பான முனையில் ரப்பரை மாட்டித் திருகுப் பட்டையால் இறுக்குவோரும் உளர். பிடிப்பதற்கு மேடான விளிம்போ பற்களோ இல்லாத முனையிலிருந்து, வெப்பமும் அழுத்தமும் சேரும்போது ரப்பர் நழுவிவிடும். துளித்துளியாகக் கசிந்த எண்ணெய், அப்போது ஓடும் சாலையில் சில மணித்துளிகளில் முழுவதும் வெளியேறும். இவ்வாறு, அரைகுறையான செப்பம் பழைய கசிவைவிடக் கேடு மிக்கதாகிறது.

வடிந்த எண்ணெயை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டுவதும் ஒரு குறுக்குவழியே. அது நிலத்தடி நீரையும் நீர்நிலைகளையும் மாசுபடுத்தும். மூடிய கலத்தில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெயைப் பெற்று மறுசுழற்சி செய்வோரிடம் ஒப்படைப்பதே பொறுப்பான செயல்.

பேணலும் ஓர் அறிவே

புதிய எந்திரத்தை ஆக்குவதற்கு வேண்டிய அறிவை உலகம் போற்றுகிறது. உள்ள எந்திரத்தைப் பேணுவதற்கு வேண்டிய அறிவு அத்துணைப் போற்றப்படுவதில்லை. எனினும், ஒரு ரப்பர்க் குழாயை முறையாக மாற்றுவதற்கு வேதியியலும் வெப்பவியலும் பாய்மங்களின் இயக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அவற்றோடு கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையான கையும் வேண்டும். போர்ஷே 928 போன்ற பழைய மகிழுந்துகள் இன்றும் சாலைகளில் ஓடுவது இத்தகையோர் பேணிவருவதால்தான்.

இவ்வுண்மை ஒரு வண்டிக்கு மட்டும் உரியதன்று. எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்கள் கொண்ட தானியங்கி மகிழுந்துகள் நம் சாலைகளிலும் ஓடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அக்குழாய்களைத் தொட்டுப் பார்த்து, விறைப்பும் வெடிப்பும் ஈரமும் உள்ளனவா என்று ஆராய்வதற்குச் சில மணித்துளிகளே தேவைப்படும். தரையில் தோன்றும் முதல் சிவப்புத் துளி, எந்திரம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதைத் துடைத்துவிட்டுக் கடந்து செல்லாமல், அது எங்கிருந்து வந்தது என வினவுவோர் கியர் பெட்டியைக் காப்பர். வண்டியில் செல்வோரையும் காப்பர்.

கலைச்சொல் அறிவோம்

கியர் பெட்டி – பல்லிணைப் பெட்டி
டார்க் கன்வர்ட்டர் – முறுக்குவிசை மாற்றி
கூலர் – குளிர்விப்பான்
கூலன்ட் – குளிர்நீர்
கிளட்ச் பிளேட் – பிடிப்புத் தட்டு
ஸ்டியரிங் – திருப்பு சக்கரம்
சைலன்சர் குழாய் – புகைபோக்கிக் குழாய்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள வாகனப் பணிமனைக்குச் சென்று, அங்குப் பயன்படும் ரப்பர்க் குழாய்களின் வகைகளையும் பயன்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. 'எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் வேறுவேறாக இருக்கும்' – காரணங்களுடன் விளக்குக.
3. எண்ணெய் குறைவாக இருத்தலும் மிகுதியாக இருத்தலும் ஒரே தீமையைத் தருவது எவ்வாறு? பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
4. உங்கள் வீட்டிலுள்ள ஒரு கருவியைத் தேர்ந்து, அதைப் பேணும் முறையைப் படிப்படியாக விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.